கொசுறுக் காற்று

வென்டிலேட்டர் இயந்திரத்தின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதை நேரில் பார்த்தவள் நான். திரைக்கு மேலே சந்தனமும் குங்குமமும் வைத்து, காற்று போகும் குழாயில் கதம்ப மாலையைச் சுற்றியிருந்தார்கள். சிவகாசியில் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை போட்டுக் கட்டிய ஆஸ்பத்திரி அது. இயந்திரத்தை வாங்கிக் கொடுத்தவர் என் அண்ணன். வாசலில் அவர் கைகூப்பி நிற்கும் ஃபிளெக்ஸ் போர்டு. ஊருக்குள் அந்த போர்டுகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. இயந்திரத்தின் விலாவில் சிவப்பு எழுத்தில் ‘உபயம்’ என்று போட்டு, கீழே அண்ணன் பெயர், அப்பா பெயர், கம்பெனி பெயர். எங்கள் பக்கத்தில் கோயிலுக்கு ஒரு ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்தாலே வெளிச்சம் வெளியே வராத அளவுக்குப் பெயர் எழுதுவார்கள். இவ்வளவு பெரிய சாமானை விடுவார்களா?

இயந்திரத்தை விற்ற கம்பெனியின் ஆள் ஒருவர் மதுரையிலிருந்து வந்திருந்தார். நுரையீரலுக்குப் பதிலாக ஒரு ரப்பர் பையை மாட்டி ஓட்டிக் காட்டினார். பை மெல்ல உப்பியது, மெல்லச் சுருங்கியது. நோயாளிக்கு இந்த அளவு போதும் என்றார். அண்ணனுக்குத் திருப்தி இல்லை.

“இன்னுங் கொஞ்சம் கூட்டுங்க சார். பின்னால நிக்கிறவுகளுக்கு ஒண்ணுந் தெரியல.”

அவர் குமிழைத் திருகினார். பை விம்மிப் புடைத்தது. கூட்டம் கை தட்டியது. “அப்படிப் போடு” என்று யாரோ கத்தக்கூடச் செய்தார். பட்டுச் சேலைக்குள் வியர்த்து நின்றிருந்த எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கொடுத்த கேசரியைத் தொடாமல் வெளியே வந்து விருதுநகர் பஸ் ஏறிவிட்டேன். தங்கச்சிக்குக் கொழுப்பு என்று அண்ணி சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கொழுப்புதான், மறுக்கவில்லை.

அந்தப் பை விம்மியதைப் பார்த்து ஏன் குமட்டியது என்று சொல்ல வேண்டும். நான் விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கூடவே மதுரையில் ஒரு பேராசிரியரிடம் பிஎச்.டி.க்குப் பதிந்திருந்தேன். அவரிடம் ஆய்வு செய்த எல்லோருக்கும் ஒரே பாடம்: செங்குத்தாக நிற்கும் தகட்டை ஒட்டிப் பாயும் திரவம். ஒருவர் தகட்டைச் சூடாக்குவார். அடுத்தவர் அதே தகட்டுக்குப் பக்கத்தில் காந்தம் வைப்பார். அதற்கடுத்தவர் காந்தம், சூடு இரண்டும் வைப்பார். சமன்பாட்டில் ஒரு உறுப்பு கூடும், ஊருக்கு ஒரு டாக்டர் கூடுவார். அந்தத் தகடு உலகத்தில் எங்காவது நிற்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அந்தத் தகட்டை நினைத்தாலே வெறுப்பாக இருந்தது. பல்கலைக்கழக நூலகத்தில் பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. மூச்சு கொடுக்கிற இயந்திரமே நுரையீரலைப் புண்ணாக்குவதைப் பற்றியது. அதைப் பிடித்துக்கொண்டேன். பேராசிரியர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

விஷயம் சிக்கலானது இல்லை. நாமாக மூச்சு இழுக்கும்போது மார்பு விரிகிறது, அதனால் காற்று உள்ளே போகிறது. இயந்திரம் அதைத் தலைகீழாகச் செய்கிறது. காற்றை உள்ளே தள்ளி மார்பை விரிக்கிறது. தள்ளுவது அளவுக்கு மேல் போனால் நுரையீரலின் மெல்லிய உறை இழுபட்டுக் காயமாகும். காயம்பட்ட செல்கள் ஆளைக் கூப்பிடும். ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் ஓடி வரும். வந்தவை செத்ததை அள்ளிச் சுத்தம் செய்யும். செய்கிற வேகத்தில் பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களையும் கருக்கிவிடும். கருகியவை மறுபடி கூப்பிடும். நல்ல செல் எவ்வளவு, புண்பட்டது எவ்வளவு, வந்து சேர்ந்த வெள்ளணு எவ்வளவு என்று மணிக்கு மணி எப்படி மாறுகிறது என்பதைச் சில சமன்பாடுகளாக எழுதி, கம்ப்யூட்டரில் ஓடவிடுவதுதான் என் வேலை. எண்கள் எல்லாம் யாரோ வெளிநாட்டில் எலிகளை வைத்து அளந்து வெளியிட்டவை.

ஓடவிட்டுப் பார்த்தால் திரையில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரியும். இழுவை ஒரு எல்லைக்குள் இருந்தால் வீக்கம் ஏறும், பிறகு தானாக இறங்கும். எல்லையைத் தாண்டிக் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டால், அப்புறம் காற்றைக் குறைத்தாலும் வீக்கம் இறங்காது. புண்ணும் வெள்ளணுவும் ஒன்றுக்கொன்று தீனி போட்டுக்கொண்டு ஏறிக்கொண்டே போகும். முதல் தடவை அந்தக் கோடு கீழே இறங்காமல் மேலே போனதைப் பார்த்துவிட்டு, தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்து வரி வரியாகச் சரிபார்த்தேன். தப்பு ஒன்றும் இல்லை.

பிறந்த வீட்டில் இதற்குக் கிடைத்த மரியாதை அண்ணி சொன்ன ஒரே வரிதான். “ஊரெல்லாம் மிளகாய்க்கும் பருப்புக்கும் கணக்கு எழுதுது. இவ காத்துக்குக் கணக்கு எழுதுறா.”

இயந்திரம் வந்த வருஷம், தீபாவளிச் சீசனில், அண்ணனின் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறை தீப்பிடித்தது. நல்லவேளை, உள்ளே ஒருவர்தான் இருந்தார். ஆனைக்குட்டத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். கட்டை குட்டையான ஆள், நல்ல கனத்த உடம்பு. இரண்டு கையும் வெந்திருந்தன. அதைவிட மோசம், அந்தப் புகையை நெஞ்சு நிறைய இழுத்திருந்தார். தொண்டை வீங்கி மூச்சு அடைத்தது. அண்ணன் தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும், போனில் பாராட்டினேன். மறுமுனையில் அவர் சொன்ன பதில்தான் எனக்குக் காதில் ஈயத்தை ஊற்றியது.

“பாத்தியா பாப்பா, நம்ம மிஷின் நம்ம ஆளுக்கே ஆச்சு. மொத கேஸே நம்ம கேஸு.”

குரலில் துக்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் துக்கத்துக்கு மேலே ஒரு பூரிப்பு மிதந்துகொண்டிருந்தது.

மறுநாள் கல்லூரி முடிந்து சிவகாசிக்குப் போனேன். தீவிர சிகிச்சை அறைக்குப் பெரிய கண்ணாடிச் சுவர். வெளியே நின்றபடி உள்ளே படுத்திருப்பவரைப் பார்க்கலாம். அதையும் யாரோ உபயம் செய்திருந்தார்கள். உள்ளே பொறுப்பில் இருந்த டாக்டர் இளைஞர், மதுரையில் படித்தவர். நோயாளியைப் படுக்கையிலேயே வைத்து இஞ்சு டேப்பால் உயரத்தை அளந்து, அந்த உயரத்துக்கு ஏற்றபடி காற்றை வைத்திருந்தார். “தொப்பைக்குக் காத்து வேண்டாமே மேடம். நுரையீரல் உயரத்தைப் பொறுத்துத்தான்” என்றார். சின்னச் சின்ன மூச்சு. அந்த ஆஸ்பத்திரியில் முதல் தடவையாக ஒரு ஆளைப் பார்த்து எனக்கு மரியாதை வந்தது. என் ஆய்வைச் சொன்னேன். அவர் உட்கார்ந்து கேட்டார், நல்ல கேள்வியாக இரண்டு கேட்டார். நிம்மதியாக வீடு திரும்பினேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது கண்ணாடிச் சுவர்.

ஆனைக்குட்டத்திலிருந்து சொந்தக்காரர்கள் லோடு வேனில் வந்து இறங்கியிருந்தார்கள். அவருடைய மனைவி, என் வயதுதான் இருக்கும், பட்டாசுப் பாக்கெட் ஒட்டுகிற வேலைக்குப் போகிறவள், கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். புருஷனின் நெஞ்சு அசைகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவ்வளவு சின்ன மூச்சு. அவள் கண்ணாடியைத் தட்டி அலறிவிட்டாள். கூட வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

“நெஞ்சே அசையலையே! மிஷின் ஓடுதா, இல்ல லைட்டு மட்டும் எரியுதா?”

“ஓட்டை மிஷினை வாங்கி வச்சுப் பேரை மட்டும் பெருசா எழுதிட்டாக.”

சாயங்காலத்துக்குள் திருத்தங்கல் டீக்கடை வரைக்கும் பேச்சு போய்விட்டது. முதலாளி கொடுத்தது போலி மிஷின். தீப்பிடித்ததை எப்படியோ தாங்கிக்கொண்ட அண்ணனுக்கு இது தாங்கவில்லை. ஆஸ்பத்திரியை நடத்தும் டிரஸ்டில் அவரும் ஒரு ஆள். நேரே உள்ளே போய் டாக்டரிடம், காற்றைக் கூட்டி வையுங்கள் என்றிருக்கிறார். டாக்டர் விளக்கிச் சொல்லியிருக்கிறார். அண்ணன் விளக்கம் கேட்கப் போனவர் இல்லை. கடைசியில் டாக்டர் கூட்டினார். அவ்வளவு படித்தவர், டேப் வைத்து அளந்தவர், கூட்டினார். “டிரஸ்டுல சொன்னா என்ன மேடம் பண்றது, நான் வேலைக்கு வந்து ஆறு மாசம்கூட ஆகல” என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அந்த முகத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. அறையவில்லை. என் கல்லூரியிலும் சம்பளம் கொடுப்பவர்கள் டிரஸ்ட்காரர்கள்தான். அந்தப் பயத்தின் ருசி எனக்கும் தெரியும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அந்த வாரக் கடைசியில். சனிக்கிழமை போனபோது கண்ணாடிக்கு முன்னால் ஒரே கூட்டம். அண்ணன் வியாபாரிகள் சங்கத்துப் பெரிய மனிதர்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒருவர் கையில் காராச்சேவுப் பொட்டலம். உள்ளே அந்த மனிதரின் மார்பு தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. புது மோட்டார் போட்ட கிணற்றில் தண்ணீர் கொட்டுவதைக் காட்டுவது போல அண்ணன் விரலை நீட்டினார்.

“பாத்தீகளா, எப்படி ஏறி இறங்குதுன்னு? போலி மிஷினாம்.”

“அடேயப்பா” என்றார் காராச்சேவுக்காரர், மென்றுகொண்டே.

மனைவி என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது வீங்கிய முகத்தில் சிரிப்பு. “இப்ப நல்லா மூச்சு விடுறாகக்கா. உங்க அண்ணாச்சி வந்து ஒரு சத்தம் போட்ட பெறகுதான். அவுக நல்லா இருக்கணும்.” அவள் கை ஜில்லென்றிருந்தது. நான் கண்ணாடி வழியாகத் திரையில் எண்ணைப் பார்த்தேன். டாக்டர் முதலில் வைத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. ஒரு மூச்சு, அடுத்த மூச்சு, அடுத்த மூச்சு. ஒவ்வொன்றுக்கும் எனக்கு உள்ளே எங்கோ இழுத்தது.

அன்று சாயங்காலம் அண்ணனைத் தேடி அவருடைய ஆபீஸுக்குப் போனேன். கம்பெனி பெயர் போட்ட புது வருஷக் காலண்டர்களின் மை வாசனை மூக்கைத் துளைத்தது. கதவைச் சாத்திவிட்டு, காற்றைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றேன். ஏன் என்றும் சொன்னேன். வரைபடத்தைக்கூடக் காட்டினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

“பாப்பா, நாம தராசு பிடிச்ச குடும்பம். குறைச்சுப் போட்டாத்தான் பாவம். கூடப் போட்டு யாராச்சும் கெட்டுப் போயிருக்கானா? கால் கிலோ கத்திரிக்கா வாங்குனாக்கூட கருவேப்பில கொசுறு போடுறான். மனுச உசுருக்குக் காத்தை எண்ணி எண்ணியா குடுப்பாக?”

“அண்ணே, அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு படிச்சீங்கள்ல?”

“அது சாப்பாட்டுக்கு.”

“காத்துக்கும்தான். உள்ள வெந்து கெடக்கு. அதைப் போட்டு இழுத்துக்கிட்டு இருக்கீங்க.”

“சரி, குறைக்கச் சொல்றேன். நாளைக்கு அங்கன அவுக ஆளுக வந்து மறுபடியும் மிஷின் ஓடலன்னு கத்துவாக. யார் பதில் சொல்றது, நீயா? எம் பேரு ஊருக்குள்ள நாறுனா உனக்கென்ன, நீ பாட்டுக்கு விருதுநகர்ல உக்காந்து எலிக்குக் கணக்குப் போடுவ.”

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தொண்டையில் சிக்கிக்கொண்டிருப்பது. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். அவர் மனதார நம்பினார். அந்த மனிதருக்குத் தன்னால் முடிந்ததைத் தாராளமாகக் கொடுப்பதாக நம்பினார். தாராளத்தைக் கண்ணால் பார்க்க முடிய வேண்டும், நாலு பேருக்குக் காட்ட முடிய வேண்டும். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த தாராளம். கல்யாணத்தில் இலையில் மிஞ்சிக் கிடக்கிற சோற்றைப் பார்த்து மனம் நிறைகிற ஜாதி நாங்கள்.

ஆனால் அந்தப் பேச்சில் ஒரு வழி இருந்தது. அவர்களுடைய ஆட்கள் கத்தாமல் இருந்தால் குறைப்பதில் அண்ணனுக்கு ஆட்சேபணை இல்லை. அப்படியானால் நான் பேச வேண்டிய ஆள் அந்த மனைவி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே போனேன். அவள் வராந்தாவில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். வரைபடத்தை எடுக்கவே இல்லை. “உங்க வீட்டுக்காரருக்குக் கை வெந்திருக்குல்ல, அந்தப் புண்ணை யாராவது விரிச்சு விரிச்சு இழுத்தா ஆறுமா?” என்று கேட்டேன். தீப்புண் என்றால் என்ன என்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவள் என்னையே பார்த்தாள். “நெஞ்சுக்குள்ளயும் அதே புண்ணுதான். நீங்க பாத்து சந்தோசப்படுறீங்களே, அந்த ஏத்தம், அது ஒவ்வொண்ணும் புண்ணை இழுக்கிற இழுவை. டாக்டர் முதல்ல வச்சதுதான் சரி.”

“அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன்க்கா கத்துறேன்?” என்றாள். பிறகு, “குறைச்சா பொழைச்சுக்கிடுவாகளா?” என்றாள்.

“குறைச்சாத்தான் பொழைக்க வழி இருக்கு.”

நான் சொன்னது ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எல்லையைத் தாண்டியாயிற்றா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதை வெளியில் நின்று பார்த்துச் சொல்ல என் கணக்கால் முடியாது. ஆனால் அவள் காதில் விழுந்தது ‘பொழைக்க’ என்பது மட்டும். எழுந்து போய்த் தன் ஆட்களிடம் கையை நீட்டிச் சொன்னாள்: “இனி எவனும் அந்தக் கண்ணாடிகிட்ட வரப்படாது. டாக்டரை அவரு வேலையைப் பாக்க விடுங்க.” கொழுந்தன் ஒருவன் முணுமுணுத்தான். “ஏலே, சும்மா இருலே” என்று அடக்கினாள். டாக்டரிடம் அவளே போய், குறைத்து வையுங்கள் என்றாள். டாக்டர் என்னைப் பார்த்து ஒரு நன்றிச் சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வாயை அவர் அன்றைக்கே திறந்திருக்கலாம்.

குறைத்தார்கள். நெஞ்சு மறுபடி அசைவது தெரியாமல் அடங்கியது. அண்ணனிடம் போனில் சொன்னேன். “அவுக சம்மதிச்சா எனக்கென்ன” என்றார். அன்றைக்கு ஒரு நாள், மறுநாள் பாதி, கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. பிறகு ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க ஆரம்பித்தது. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. டாக்டர் போனில் அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, இத்தனை நாள் அதிக இழுவை, பிறகு குறைத்தது என்று எண்களைப் போட்டு ஓடவிட்டேன். எதற்காகச் செய்தேன் என்று தெரியவில்லை. கோடு இறங்கவில்லை. நடுவில் கரண்ட் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் முடிவதற்குள் அவர் இறந்துபோனார்.

ஆனைக்குட்டத்தில் எழவு வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று ஃபிளெக்ஸ். அதில் இறந்தவர் படம் மூலையில் தபால்தலை அளவுக்கு. கைகூப்பி நிற்கிற அண்ணன் படம் அதைவிடப் பெரிது. ஆஸ்பத்திரி திறப்பு விழாவுக்கு எடுத்த அதே படம், அதே பட்டுச் சட்டை. பந்தலுக்குள் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

“நம்ம பக்கத்துல ஒரு குறையும் வைக்கல. காத்து ஃபுல்லா வச்சுக் குடுத்தோம், நல்லா ஏறி இறங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. எல்லாரும் பாத்தாக. குறைச்ச பெறகுதான் இப்படி ஆயிப்போச்சு.”

யார் குறைக்கச் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம் என்னவோ சொன்னாள். கொழுந்தன் மட்டும் உரக்கவே சொன்னான், “காத்தைப் புடுங்கிட்டாக” என்று. அண்ணன் அவனை அதட்டினார், என்னைக் காப்பாற்றுகிறாராம். அண்ணன் சொன்னதில் எது பொய்? ஏறி இறங்கியது உண்மை. எல்லோரும் பார்த்தது உண்மை. குறைத்த பிறகு செத்ததும் உண்மை. உண்மைகளை வரிசையாக அடுக்கியே ஒரு பொய்யைக் கட்ட முடிகிறது என்பதை அன்றைக்குப் பார்த்தேன். பந்தலில் கொடுத்த காப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

அதற்குப் பிறகு நான் பிறந்த வீட்டுக்குப் போவது குறைந்தது. பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “இதை எல்லாம் தீசிஸ்ல போட முடியாதும்மா” என்றார். போடச் சொல்லி நானும் கேட்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் மத்தியானம், ஸ்டாஃப் ரூமுக்கு வெளியே யாரோ பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார்கள். அவள்தான். நஷ்டஈடு விஷயமாகக் கலெக்டர் ஆபீஸுக்கு வந்தவள், வழி கேட்டுக் கல்லூரிக்கு வந்திருக்கிறாள். கழுத்தும் நெற்றியும் வெறுமையாக இருந்தன. கையில் ஒரு மஞ்சப்பை. வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார வைத்தேன். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மூத்த மகளை அண்ணன் தன் கம்பெனியிலேயே பேக்கிங்கில் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னாள். நன்றியோடு சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“எனக்கு ஒண்ணு தெரியணும்க்கா. அதுக்குத்தான் வந்தேன். கூட வச்சதால போனாகளா, குறைச்சதால போனாகளா? அம்புட்டுப் படிச்சிருக்கீக. உங்க கணக்கு என்ன சொல்லுது?”

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று மாதக்கணக்கில் காத்திருந்தவள் நான். அண்ணன் கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை, பேராசிரியர் கேட்கவில்லை. பதில் நாக்கு நுனியில் சூடாகவே இருந்தது.

“என் கணக்கு எலியோட நுரையீரலுக்குப் போட்டது. அதை வச்சு ஒரு மனுசனைப் பத்தி அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கேட்டீங்கன்னா, கூட வச்சதாலதான். குறைக்கிறதுக்குள்ள நேரம் போயிருச்சு.”

அவள் மஞ்சப்பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“அப்ப நாங்க கத்துனதால.”

இத்தனை மாதம் அண்ணனையும் டாக்டரையும் நிறுத்தி வைத்து உள்ளுக்குள் விசாரித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பதில் போய் விழப்போவது யார் தலையில் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அவசரமாகப் பேசினேன். “நீங்க கத்துனதால இல்ல. கட்டினவருக்காகக் கத்தாம யாருக்காகக் கத்துவீங்க? கூட்டச் சொன்னது என் அண்ணன். கூட்டுனது டாக்டர். தெரிஞ்சவங்க அவங்க, உங்களுக்கு என்ன தெரியும்?”

“உங்க அண்ணாச்சி நாங்க கேட்டதைத்தானக்கா செஞ்சாக. மொதல்ல கண்ணாடியத் தட்டுனது நான்.”

“அதுக்காக…”

“கூட்டச் சொன்னது நான். குறைக்கச் சொன்னது நீங்க. ரெண்டுல ஒண்ணு.” அவள் குரலில் கோபமே இல்லை. பாக்கெட் ஒட்டும்போது இதற்கு அடுத்து இது என்று சொல்வது போலச் சொன்னாள். மணி அடித்து, மாணவிகள் எங்களைக் கடந்து கூட்டமாகப் போனார்கள். அவர்கள் போய் முடிந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

“கோவிச்சுக்கிடாதீக. குறைச்சதாலதான்னே நான் நெனச்சுக்கிடுறேன்க்கா. ஊர்லயும் அப்படித்தான சொல்லுறாக. நீங்க படிச்சவுக, தாங்கிக்கிடுவீக. எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு. காலையில எந்திரிச்சு நான் அதுகளுக்குச் சோறு பொங்கணும்.”

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் சம்மதிக்காமல் அவளால் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்தது.

“சரி. அப்படியே நெனச்சுக்கோங்க” என்றேன்.